மீன்கூடைதான் முதல் பரிசு

1810ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் எடின்பரோவுக்கு அருகே இருக்கும் மஸல்பரோ என்ற ஊரின் கோல்ஃப் மன்றம் ஒரு தீர்மானம் எழுதிவைத்தது. வரும் ஜனவரியில் ஊர் மீன்காரப் பெண்களுக்குள் கோல்ஃப் ஆட்டம் வைப்பது. நன்றாக ஆடுகிறவளுக்குப் புதிய மீன்கூடை ஒன்றும் சால்வை ஒன்றும் தருவது. அதோடு பார்சிலோனாப் பட்டுக் கைக்குட்டை இரண்டையும் பரிசில் சேர்ப்பது. பெண்களின் கோல்ஃப் போட்டி பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றாக விளையாட்டு வரலாறு இதைத்தான் காட்டுகிறது.

இதைப் படித்தபோது எங்கள் மண்டகப்பட்டுக் குடைவரையின் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. செஞ்சியையும் விழுப்புரத்தையும் இணைக்கும் சாலைப் பக்கம் உள்ள பாறையில், 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் அது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கும் எடுக்கப்பட்டது என்று, விசித்திரசித்தன் என்ற அரசனின் பட்டப்பெயரோடு கல்வெட்டு சொல்கிறது. எவையெல்லாம் பயன்படவில்லை என்ற பட்டியல் இருக்கிறது. உளி பிடித்தவர் யார், கல்சில்லை அள்ளிக் கொட்டியவர் யார் என்பது மட்டும் இல்லை. மஸல்பரோ தீர்மானமும் அப்படித்தான். கூடைக்கு அதில் இடம் உண்டு, கூடை சுமந்தவளின் பெயருக்கு இல்லை.

ஆனாலும் அந்தப் பெண்களைப் பற்றி நமக்குக் கொஞ்சம் தெரியும். 1790களில் ஸ்காட்லாந்து முழுவதும் ஊர் ஊராகப் பாதிரியார்களிடம் விவரம் கேட்டுத் தொகுத்தார்கள். மஸல்பரோவை உள்ளடக்கிய இன்வரெஸ்க் வட்டாரத்துக்கு எழுதியவர் அலெக்சாண்டர் கார்லைல். மீன்காரப் பெண்கள் ஆண்களின் வேலையைச் செய்கிறார்கள், அதனால் அவர்களின் நடையுடை பழக்கமும் ஆண்களைப் போல இருக்கிறது, விடுமுறை நாளில் கோல்ஃப் ஆடுகிறார்கள் என்று அவர் எழுதினார். ஆண்டுக்கு ஒருநாள் மணமான பெண்களுக்கும் மணமாகாத பெண்களுக்கும் கால்பந்து ஆட்டம் நடக்கும் என்றும், எப்போதும் மணமானவர்களே ஜெயிப்பார்கள் என்றும் குறித்திருக்கிறார். கல்யாணத்தோடு விளையாட்டு முடிந்துபோகும் ஊர்களில் பிறந்த நாம் இந்த ஒரு வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

முதுகில் மீன்கூடையோடு எடின்பரோவுக்கு நடந்து, தெருத்தெருவாக விற்றுத் திரும்பியவர்கள் அவர்கள். வெயிலுக்கும் குளிருக்கும் பழகிய உடம்பு. அந்த உடம்புக்கு மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்கிப் பந்தை அடிப்பது பெரிய காரியம் இல்லை. ஆனால் பரிசைக் கவனியுங்கள். மஸல்பரோவில் ஆண்கள் 1774இலிருந்தே வெள்ளிக் கோப்பைக்காக ஆடினார்கள். பெண்களுக்குக் கிடைத்தது மறுநாள் வேலைக்குத் தூக்கிப் போக வேண்டிய கூடை.

அவர்கள் ஆடிய நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘லிங்க்ஸ்’ என்று கோல்ஃப் உலகம் கொண்டாடுவது கடலுக்கும் கழனிக்கும் நடுவில் கிடக்கும் மணல் நிலத்தை. சங்கப் புலவர்கள் எக்கர் என்று சொன்ன, காற்றும் அலையும் குவித்த மணல்மேடு. ஏர் ஓடாது, விதை நிற்காது, குட்டைப் புல் மட்டும் முளைக்கும். ஆடு மேய்ந்து அந்தப் புல்லை ஒட்ட வெட்டிவைக்கும். முயல் வளை தோண்டும். துணி உலர்த்தவும் வலை உலர்த்தவும் ஊரே அங்கே வரும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் மேய்க்கால் புறம்போக்கு. உலகத்தின் புகழ்பெற்ற கோல்ஃப் திடல்களில் பழையவை பலவும் புறம்போக்கில்தான் பிறந்தன.

அவற்றில் தலையானது செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ். அங்கே ஆடும் உரிமை ஊராருக்கு உண்டு என்பதை 1552இலேயே பேராயர் ஜான் ஹாமில்டனின் சாசனம் ஒப்புக்கொண்டது. இன்றும் அந்த நிலம் எந்த மன்றத்துக்கும் சொந்தமில்லை. 1974இல் நாடாளுமன்றச் சட்டத்தின்படி அமைந்த அறக்கட்டளை அதைப் பார்த்துக்கொள்கிறது. ஆட்டத்தில் ஓரளவு தேர்ச்சி உண்டு என்று காட்டும் சான்றிதழும் கட்டணத்துக்குப் பணமும் இருந்தால், வெளியூரார் குலுக்கலில் பெயர் கொடுத்து ஆடலாம். ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டம் கிடையாது. அன்று ஊர்ச்சனம் நாயோடும் குழந்தையோடும் நடக்கும்.

ஒரு கருத்தரங்குக்காக ஸ்காட்லாந்து போனபோது நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் புல்லில் நடந்தேன். கடல் பக்கத்திலேயே இருந்தும் கண்ணில் படுவதைவிட அதிகமாகக் காற்றாக வந்து மேலே விழுகிறது. தட்டையாகத் தெரியும் நிலம் காலுக்கடியில் மேடும் பள்ளமுமாக மாறுகிறது. மறுநாள் பக்கத்திலேயே உள்ள ‘ஹிமாலயாஸ்’ என்ற சிறு திடலில் மட்டையும் பந்தும் வாடகைக்கு எடுத்து ஆடினேன். பெயருக்கேற்றபடி மேடுகள் நிறைந்த இடம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பந்தைக் குழியை நோக்கித் தரையோடு உருட்டினேன். அது மேட்டில் பாதி ஏறி, யோசித்துவிட்டு, என் காலடிக்கே திரும்பி வந்தது. முன்பின் தெரியாத ஒரு பாட்டி பக்கத்தில் நின்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தச் சிறு திடலுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1867இல் தொடங்கிய பெண்கள் மன்றத்தின் இடம் அது. வசதியான வீட்டுப் பெண்கள் பந்தை உருட்டலாம், ஓங்கி அடிப்பது அழகல்ல என்று அந்தக் காலம் நினைத்தது. 1890இல் வந்த ஒரு கோல்ஃப் நூலில்கூட, பெண்கள் அடிக்கும் பந்து எழுபது எண்பது கெஜத்துக்குமேல் போக வேண்டியதில்லை, அதற்குமேல் போக மட்டையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டிவரும் என்று ஒரு பிரபு எழுதினார். மீன்காரிகள் ஆடத் தொடங்கிக் குறைந்தது நூறு ஆண்டு கழித்து எழுதப்பட்ட கருத்து இது. பெண்ணால் முடியாது என்பது பழைய நம்பிக்கை என்றுதான் நினைக்கிறோம். இங்கே வரிசை தலைகீழாக இருக்கிறது. உழைக்கும் பெண்கள் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தைப் பெண்ணுக்கு ஆகாது என்று பிறகு வந்தவர்கள் சொன்னார்கள்.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1744இல் கோல்ஃபின் முதல் எழுத்து விதிகளை வகுத்த எடின்பரோ கனவான்களின் மன்றம், 1836இலிருந்து மஸல்பரோ பொதுத்திடலில்தான் ஆடிவந்தது. அங்கே கூட்டம் பெருகியபோது, 1891இல் மியூர்ஃபீல்டு என்ற இடத்தில் தனக்கென்று ஒரு திடல் அமைத்துக்கொண்டு போய்விட்டது. ஊரோடு பகிர்ந்த புல்லை விட்டு வேலிக்குள் போன அந்த மன்றம், அடுத்த நூற்றி இருபத்தைந்து ஆண்டு எந்தப் பெண்ணையும் உறுப்பினராகச் சேர்க்கவில்லை. விருந்தினராக வந்து ஆடலாம், உரிமையோடு வர முடியாது.

நமக்கு அருகில் கொழும்பிலும் இதே கதைதான். காலிமுகத்திடலின் கடலோர நடைபாதையை 1859இல் கட்டி முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் சீமாட்டிகளுக்கும் குழந்தைகளுக்குமாக அதைக் காத்துவர வேண்டும் என்று தனக்குப் பின் வருவோருக்குக் கல்லில் எழுதிவைத்தார். அந்தத் திடலில்தான் கொழும்பு கோல்ஃப் மன்றம் தன் ஆட்டத்தைத் தொடங்கியது. 1890களில் அதுவும் ஊருக்குள் தனித் திடலுக்கு மாறிப் போனது. வார்டின் கல்வெட்டில் பெண்கள் இருக்கிறார்கள் என்று மகிழலாம். ஆனால் சீமாட்டிகள் என்ற சொல்லுக்குள் அந்த வீடுகளில் துணி வெளுத்தவர்களும் பிள்ளை தூக்கியவர்களும் அடங்குவார்களா என்றும் கேட்க வேண்டும்.

கதவுகள் திறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். செயின்ட் ஆண்ட்ரூஸில் நிலம் ஊருடையது. ஆனால் அதன் முகப்பில் நிற்கும் மாளிகை 1754இல் தொடங்கிய ஆண்கள் மன்றத்துடையது. 2007இல் பெண்களின் பிரிட்டிஷ் ஓப்பன் முதல்முறையாக ஓல்டு கோர்ஸில் நடந்தபோது, அந்த வாரத்துக்கு மட்டும் மாளிகை வீராங்கனைகளுக்குத் திறந்தது. 2014 செப்டம்பரில்தான் பெண்களை உறுப்பினராக்க வாக்களித்தார்கள். மியூர்ஃபீல்டில் 2016இல் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 64 விழுக்காடு, தேவைப்பட்டது மூன்றில் இரண்டு பங்கு. தீர்மானம் தோற்றது. எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களில் ஆட்டத்தின் வேகமும் மதியச் சாப்பாட்டு ஏற்பாடும் இருந்தன. ஓப்பன் போட்டி இனி அங்கே நடக்காது என்ற அறிவிப்பு உடனே வந்தது. 2017 மார்ச்சில் மறுபடி வாக்களித்தார்கள், 80 விழுக்காடு ஆதரவு. பத்து மாதத்தில் மனம் மாறியதா, மதிப்புப் போய்விடும் என்ற பயம் வந்ததா என்பதை வாசகியே முடிவு செய்யலாம். 2022இல் பெண்களின் ஓப்பன் அங்கேயே நடந்தது. தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லீ புஹாய் வென்றார்.

பந்தும் பெண்ணும் நம் இலக்கியத்துக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் கந்துகவரி இருக்கிறது. பெருங்கதையின் வத்தவ காண்டத்தில் மகளிர் பந்தாடும் பகுதியே உண்டு. அதன் தலைப்பு ‘பந்தடி கண்டது’. ஆடியவர்கள் பெண்கள், தலைப்பில் நிற்பதோ கண்டவனின் பார்வை. ஒருத்தி தனக்காக ஆடினாள் என்று சொல்ல நமக்கு இன்னும் சொற்கள் குறைவு. 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரின் அதிதி அசோக் நான்காவதாக வந்தபோது, கோல்ஃபே தெரியாத வீடுகளும் விடியற்காலையில் விழித்திருந்து பார்த்தன. அவருடைய மட்டைப் பையைச் சுமந்து கூடவே நடந்தவர் அவருடைய அம்மா. வரலாறு இந்தச் சுமையையாவது எழுதிவைக்கட்டும்.

நம் நகரங்களின் கோல்ஃப் திடல்களில் இன்றும் காலையில் முதலில் நுழைகிற பெண்கள் களை பிடுங்கவும் புல் செதுக்கவும் வருகிறவர்கள். மன்றத்தில் பெண் உறுப்பினர் உண்டா என்று கேட்பது சரி. அதோடு நின்றுவிட்டால் மீன்காரியை மறுபடி வெளியில் நிறுத்துகிறோம். எனக்கு முக்கியமாகப் படுவது கதவைவிட நிலம். ஊர் நிலம் ஊரிடம் இருந்தவரை கூடைக்காரியும் அதில் ஆடினாள். வேலி வந்த பிறகு, உள்ளே விடச் சொல்லிக் கேட்கும் நிலைக்குப் பெண்கள் தள்ளப்பட்டார்கள். கேட்கவும் வசதியுள்ள பெண்களால்தான் முடிந்தது.

என் முதுகலை மாணவிகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டு ஒரு வேலை கொடுத்தேன். உங்கள் ஊரின் புறம்போக்குகளை வரையுங்கள், எந்த நேரத்தில் யார் அங்கே நிற்கிறார்கள் என்று குறியுங்கள். மண்டகப்பட்டுப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி வற்றிய ஏரியை வரைந்து வந்தாள். காலையில் விறகுக்கும் மாட்டுப்புல்லுக்கும் பெண்கள், மாலையில் கிரிக்கெட்டுக்குப் பையன்கள். ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். அவளுடைய ஆயா அந்த ஏரியில் கிட்டிப்புள் ஆடியிருக்கிறார், ஆளாகும்வரை. அடிச்சால் கரை தாண்டும் என்று ஆயா சொன்னாராம்.

அந்தக் குறிப்பைப் பேனாவால் எழுதி, ஆயாவின் பெயரையும் போட்டுக் கொண்டுவரச் சொன்னேன்.