தவணை டிபாசிட்டும் திண்டுக்கல் சீமையும்

திண்டுக்கல் மலைக்கோட்டையின்மீது நின்று நோக்கினால், சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைக்கும் நடுவே விரிந்த சமவெளி கண்ணுக்குப் புலனாகும். புகையிலையும் நிலக்கடலையும் விளையும் பூமி அது. அங்கே குடியானவர் கையில் பெருந்தொகை புரள்வது ஆண்டிற்கு ஒரு முறைதான். பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊரேயாயினும், பெட்டியில் பூட்டிய பணம் வளர்வதில்லை. வட்டிக்குத் தெரிந்தவரிடம் கொடுப்பது ஒரு வழி. பாங்கில் தவணை டிபாசிட்டாகப் போடுவது மற்றொரு வழி.

தவணை டிபாசிட் என்பது காலத்தை விற்பதாகும். ஓராண்டு, ஈராண்டு பணத்தைக் கேட்பதில்லை என்று நாம் ஒப்புகிறோம். அதற்கு ஈடாகப் பாங்கு வட்டியைக் கூட்டித் தருகிறது. பாங்கும் அப்பணத்தை நம்பி வியாபாரிக்குக் கடன் வழங்குகிறது. இவ்வேற்பாட்டில் மறைந்துள்ள இடர் ஒன்றுண்டு. பாங்கைப் பற்றி வதந்தி பரவும் நாளில், எந்நேரமும் பணம் எடுக்கும் உரிமையுடையோர் முதலில் ஓடிவந்து எடுத்துக்கொள்வர். தவணை ரசீது வைத்திருப்பவரோ நாள் முதிராமையால் வாயிலில் நிற்க வேண்டியவரே. பொறுமை மிக்கவனுக்கே பின்வரிசை கிடைக்கிறது!

இவ்விடர் 1938ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மெய்யாயிற்று. அதற்கு முந்திய ஆண்டிலேதான் திருவிதாங்கூர் நேஷனல் பாங்கும் கொல்லம் பாங்கும் ஒன்றாய் இணைந்திருந்தன. சென்னை மாகாணத்திலும் கிளை பரப்பிய அப்பெரிய ஸ்தாபனம் கதவை அடைத்தது. சேமிப்பை அதில் வைத்திருந்த குடும்பங்கள் பட்ட பாடு சிறிதன்று. ரிசர்வ் வங்கி தோன்றி மூன்றாண்டே ஆகியிருந்தது. பாங்குகளை முறையாகக் கண்காணிக்கும் தனிச் சட்டம் 1949இல்தான் பிறந்தது.

இதற்கிடையே, 1943இல், ஆலையதிபர் கருமுத்து தியாகராஜச் செட்டியார் மதுரையில் 'பாங்க் ஆப் மதுரா'வை நிறுவினார். திண்டுக்கல் அக்காலத்தில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்தது. தனி மாவட்டமானது 1985இலேதான். தலைமை நிலையம் அருகில் இருப்பது டிபாசிட்தாரருக்கு ஒரு தெம்பு. ஆனால் அருகாமை ஒருபோதும் ஜாமீன் ஆகாது.

ஜாமீன் வந்த கதை வேறு. 1960 ஆகஸ்டில் கேரளத்துப் பாலாய் சென்ட்ரல் பாங்கு வீழ்ந்தது. அதன்பின் சிறு பாங்குகளைக் கட்டாயமாக இணைக்கும் அதிகாரம் ரிசர்வ் வங்கிக்குக் கிடைத்தது. அப்பத்தாண்டிலேயே இலஞ்சி பாங்கும் செட்டிநாடு மெர்க்கன்டைல் பாங்கும் மதுரா பாங்கில் கலந்தன. 1962 ஜனவரி முதல் நாள் டிபாசிட் இன்ஷூரன்ஸ் நடைமுறைக்கு வந்தது. ஒரு பாங்கில் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரையே காப்பு. நேயர்களே, ஒரு புகையிலை வியாபாரியின் கணக்கிற்கு அது எம்மாத்திரம்! எனினும், வாயிலில் நின்ற தவணைக்காரருக்கு முதன்முறையாக ஒரு தொகை உறுதியாயிற்று. அவ்வரம்பு 1968இல் 5,000, 1980இல் 30,000, 1993இல் ஒரு லட்சம், 2020இல் ஐந்து லட்சம் என வளர்ந்தது. அசலும் வட்டியும் சேர்ந்த கணக்கே இது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

1969 ஜூலையில் பதினான்கு பெரிய பாங்குகள் அரசுடைமையாயின. 50 கோடி ரூபாய் டிபாசிட் என்னும் அளவுகோலை எட்டாத மதுரா பாங்கு தனியாரிடமே நின்றது. 2001 மார்ச்சில் அது ஐ.சி.ஐ.சி.ஐ. பாங்குடன் இணைந்தது. பழைய பெயர் அச்சிட்ட தவணை ரசீதுகளின் கடன் புதிய பாங்கின் பொறுப்பாயிற்று. 1938இல் போல எவரும் வாயிலில் நிற்க நேரவில்லை.