கால் மணி நேரம் பிறந்த கதை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள டென்வர் நகரில் 'லாஸ் விக்வாம் வீவர்ஸ்' என்றொரு சிறிய நெசவு நிறுவனம் இருந்தது. ஆண்கள் கழுத்தில் கட்டும் டைகளை நெய்வது அதன் தொழில். முதலாளி ஃபில் கிரைனெட்ஸ். டை சின்னப் பொருள்தான். ஆனால் அதன் நுணுக்கமான வடிவங்களைத் தறியில் எடுக்கக் கண்ணும் கையும் ஒன்றாக ஓட வேண்டும். அதில் கைதேர்ந்த இளைஞர்கள் அவரிடம் இருந்தார்கள், இரண்டாம் உலகப் போர் வந்து அவர்களை அழைத்துக்கொண்டு போகும் வரை.

காலியான தறிகளில் கிரைனெட்ஸ் முதலில் வயதான ஆண்களை உட்காரவைத்தார். விரல்கள் ஒத்துழைக்கவில்லை. அடுத்து நடுத்தர வயதுப் பெண்களை வேலைக்கு எடுத்தார். அவர்களுக்குக் கை படிந்தது, டைகளும் நன்றாக வந்தன. ஆனால் நாள் முழுக்க அந்த வேலைக்கு ஈடுகொடுக்க உடம்பில் தெம்பு போதவில்லை. மூன்றாவதாகக் கூப்பிட ஊரில் யாரும் மிச்சமில்லை.

வேறொருவராக இருந்தால் மேஸ்திரியை விட்டு அதட்டச் சொல்லியிருப்பார், அல்லது கூலியில் கை வைத்திருப்பார். கிரைனெட்ஸ் தன்னிடம் வேலை செய்தவர்கள் எல்லோரையும் ஒன்றாகக் கூட்டி, என்ன செய்யலாம் என்று அவர்களையே கேட்டார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எந்த நேரத்தில் தோள் கடுக்கும், எப்போது கண் மங்கும் என்பது தறியின் முன்னால் இருப்பவருக்குத்தானே தெரியும்? அந்தக் கூட்டத்திலிருந்து வந்த பதில் மிக எளிமையாக இருந்தது: முற்பகலில் ஒரு கால் மணி நேரம், பிற்பகலில் ஒரு கால் மணி நேரம் வேலையை நிறுத்த வேண்டும். அப்போது குடிக்கக் காபியோ டீயோ வேண்டும்.

வேலைக்கு நடுவே தொழிலாளர்களுக்குக் காபி தரும் வழக்கம் அதற்கு முன்பே அங்கங்கே தலைகாட்டியிருந்தது. நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகரில் இருந்த பார்கலோ தொழிற்சாலை, 1902-லேயே அதைத் தொடங்கியதாகப் பெருமை பேசியது. விஸ்கான்சின் மாநிலத்து ஸ்டோட்டன் ஊரோ, 19-ஆம் நூற்றாண்டிலேயே தங்கள் ஊர் நார்வேப் பெண்கள் புகையிலைக் கிடங்கு வேலைக்கு நடுவே வீட்டுக்கு ஓடிக் காபி குடித்தார்கள் என்று இன்றும் விழா எடுக்கிறது. ஊர்ப்பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும். டென்வரில் நடந்ததன் பலனைக் கையில் பிடித்துக் காட்டக் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கைப் பார்த்த கிரைனெட்ஸால் நம்ப முடிந்திருக்குமா என்று தெரியாது.

வயதான ஆண்கள் எட்டு மணி நேரத்தில் நெய்ததை, பெண்கள் ஆறரை மணி நேரத்தில் நெய்து முடித்தார்கள்! வேலையை நிறுத்தியதால் வேலை கூடியது. முதலாளி அந்த இரண்டு கால் மணி நேரங்களையும் கட்டாயமாக்கினார். அதோடு நின்றிருந்தால் வரலாறு அவரை மனதாரப் பாராட்டியிருக்கும். ஆனால் அந்த அரை மணி நேரத்துக்குச் சம்பளம் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

அமெரிக்கத் தொழிலாளர் துறை அவரை நீதிமன்றத்துக்கு இழுத்தது. 1938-இன் தொழிலாளர் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி தந்தாக வேண்டும். அரை மணி நேரத்தைக் கழித்தால் அது குறைபடும் என்பது வழக்கு. கிரைனெட்ஸும் விடவில்லை. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது.

இதற்கிடையில், டென்வர் வழக்கோடு சம்பந்தமே இல்லாத வேறொரு கூட்டம் களத்தில் இறங்கியிருந்தது. காபி விளைவிக்கும் லத்தீன் அமெரிக்க நாடுகள் சேர்ந்து நடத்திய பான் அமெரிக்கன் காபி பீரோ, 1952-ல் பெரும் விளம்பரம் ஒன்றைத் தொடங்கியது. வேலைக்கு நடுவே கொஞ்சம் நிறுத்தி ஒரு கோப்பை குடியுங்கள் என்று அமெரிக்கர்களைக் கேட்டுக்கொண்டது. காபி விற்க வேண்டும், அவ்வளவுதான் அதன் நோக்கம். ஆனால் அலுவலகம் அலுவலகமாக அந்த நிறுத்தம் பரவியது. இன்று உலகமே கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ளும் 'காபி பிரேக்' அப்படித்தான் நாடறிந்த பழக்கமானது. அதற்குச் சம்பளம் உண்டா என்பது மட்டும் டென்வர் வழக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

1956-ல் தீர்ப்பு வந்தது. இடைவேளையால் தொழிலாளிக்கு நன்மை உண்டு. ஆனால் உற்பத்தி கூடுவதால் முதலாளிக்கும் அதே அளவு லாபம் உண்டு, ஆகவே அது வேலை நேரமே, சம்பளம் தர வேண்டும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். பின்னர் 5 முதல் 20 நிமிடம் வரையிலான சிறு இடைவேளைகள் வேலை நேரத்தில் சேரும் என்பது அமெரிக்க விதிமுறைகளிலேயே இடம்பெற்றது. சட்டப் பிரச்சினை தீர்ந்தது. அந்தக் கால் மணி நேரத்தில் வேலையைக் கூட்டியது எது, காபியா, ஓய்வா, இல்லை வேறு ஏதாவதா என்ற கேள்வி மட்டும் மிச்சமிருந்தது.

1980-களில் ஜூலியன் ஆர் என்ற மானுடவியலாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகல் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களோடு கூடவே சுற்றினார். கையேட்டைப் பார்த்துச் செய்தாலே வேலை முடிந்துவிடும் என்றுதான் நிறுவனங்கள் நினைத்திருந்தன. ஆர் கண்டதோ வேறு. கையேட்டில் இல்லாத கோளாறுகளை அவர்கள் காலைச் சாப்பாட்டு மேசையிலும் காபிக் கோப்பையைச் சுற்றியும் கதைகதையாகப் பேசிப் பேசியே ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள். 1996-ல் அவர் அதைப் புத்தகமாகவே எழுதினார். ஆனால் அரட்டையின் பலனை எண்ணில் காட்டாமல் எந்த மேலாளரும் மசியப் போவதில்லை.

அந்த எண்ணும் ஒரு வங்கியின் கால் சென்டரிலிருந்து வந்தது. அங்கே சில குழுக்கள் வேகமாக வேலை செய்தன, சில தடுமாறின, காரணம் பிடிபடவில்லை. எம்.ஐ.டி. பேராசிரியர் அலெக்ஸ் பென்ட்லண்டின் குழு ஊழியர்களுக்குச் சிறு மின்னணு அட்டைகளை மாட்டியது. என்ன பேசினார்கள் என்பதை அவை பதியவில்லை. யார் யாரோடு, எந்தத் தொனியில், எவ்வளவு பேசினார்கள் என்பதைப் பதிந்தன. தொலைபேசி ஓயாமல் ஒலிக்கும் இடம் என்பதால் ஊழியர்களை ஒவ்வொருவராக இடைவேளைக்கு அனுப்புவதே அங்கு வழக்கம். ஒரு குழுவில் எல்லோரையும் ஒரே நேரத்தில் காபிக்கு அனுப்பிப் பாருங்கள் என்றார் பென்ட்லண்ட். திறமையான நிர்வாகம் என்று அதுவரை எல்லோரும் படித்ததற்கு நேர்மாறான யோசனை. வேறு வழி தெரியாத மேலாளர் சம்மதித்தார்.

பின்தங்கிய குழுக்களில் ஓர் அழைப்பை முடிக்க ஆன நேரம் 20 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. மொத்த கால் சென்டரிலும் 8 சதவீதம் குறைந்தது. ஊழியர்களின் மனநிறைவும் கூடியது. 2012-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் பென்ட்லண்ட் இதை எழுதியபோது, 25,000 பேர் வேலை பார்த்த தன் 10 கால் சென்டர்களிலும் காபி நேரத்தை அப்படியே மாற்ற வங்கி இறங்கியிருந்தது. அதனால் ஆண்டுக்கு 1.5 கோடி டாலர் ஆதாயம் வரும் என்று அந்த மேலாளர் கணக்குப் போட்டுவைத்திருந்தார்.