பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1952

தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்பது சென்னை மாகாணத்தில் சி. இராஜகோபாலாச்சாரி (இராஜாஜி) அமைச்சரவை 1952 ஆகஸ்டில் அவசரச் சட்டமாகப் பிறப்பித்து, பின்னர் அதே ஆண்டின் 14ஆம் எண் சட்டமாக நிறைவேற்றிய நிலச் சட்டமாகும். தஞ்சை மாவட்டத்துக்கு மட்டுமே பொருந்திய இச்சட்டம் இரு பிரிவினரைக் காக்க முற்பட்டது. ஒரு பிரிவினர் குத்தகைக்கும் வாரத்துக்கும் நிலம் உழுத சாகுபடியாளர்கள். மற்றொரு பிரிவினர் மிராசுதாரின் பண்ணையில் குடும்பத்தோடு கட்டுண்டு வேலை செய்த பண்ணையாட்கள். முதல் பிரிவினருக்கு இச்சட்டம் நிலைத்த பயனைத் தந்தது. இரண்டாம் பிரிவினரின் கதை வேறு விதமாகப் போயிற்று.

அன்றைய தஞ்சை மாவட்டம்

இன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் அன்று ஒரே மாவட்டமாக இருந்தன. காவிரிப் பாசனமும், 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையும் இம்மாவட்டத்தை மாகாணத்தின் நெற்களஞ்சியமாக வைத்திருந்தன. நிலத்தை இங்கே ஏக்கரில் சொல்வதில்லை. மா, வேலி என்றுதான் கணக்கு. மூன்று மா ஓர் ஏக்கர். இருபது மா ஒரு வேலி, அதாவது 6⅔ ஏக்கர். நெல்லுக்கு மரக்காலும் கலமும். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். சட்டத்தைப் புரிந்துகொள்ள இந்த அளவுகள் தேவைப்படும்.

நிலவுடைமை ஒரு சிலரிடம் குவிந்திருந்தது. தனி மிராசுதார்கள் ஒரு புறம், கோயில்களும் மடங்களும் மறுபுறம். நிலச் சொந்தக்காரர் பலர் கும்பகோணத்திலோ சென்னையிலோ குடியிருந்து, அறுவடைக்கு மட்டும் ஊருக்கு வந்தனர். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் ஆண்டுக்கு இவ்வளவு நெல் என்று ஒப்புக்கொண்டு அளந்தார். வாரத்துக்கு எடுத்தவர் விளைச்சலில் பங்கு பெற்றார். அந்தப் பங்கு பொதுவாக மொத்த விளைச்சலில் கால் பங்கைத் தாண்டியதில்லை. விதை, எரு, உழவு மாடு ஆகியவற்றின் செலவு பெரும்பாலும் உழுதவர் தலையில்தான். ஒப்பந்தம் வாய்ச்சொல்லாகவே இருந்தது. அடுத்த ஆண்டு அந்த நிலம் அவருக்குக் கிடைக்குமா என்பது மிராசுதாரின் மனத்தைப் பொறுத்தது.

பண்ணையாளின் நிலை இதற்கும் கீழே இருந்தது. பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த இவர்கள் ஆண்டு முழுவதும் ஒரே மிராசுதாரிடம் வேலை செய்தனர். கணவன் பண்ணையாள் என்றால் மனைவியும் பிள்ளைகளும் அதே பண்ணையின் வேலையாட்களே. திருமணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய கடன் அவர்களை அங்கேயே பிடித்து வைத்தது. குடிசை நின்ற மனையும் மிராசுதாருடையது. வேலை போனால் வீடும் போயிற்று. பணியைத் தட்டினால் சவுக்கடியும், மாட்டுச் சாணத்தைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பால் தண்டனையும் உண்டு.

போராட்டமும் தேர்தலும்

1943இல் மன்னார்குடிக்கு அருகில் உள்ள தென்பரையில் விவசாயிகள் சங்கம் தொடங்கப்பட்டது. கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பி. சீனிவாசராவ் கம்யூனிஸ்ட் கட்சியின் சார்பில் தஞ்சைக்கு வந்து, தமிழைக் கற்று, ஊர் ஊராக நடந்து இந்தச் சங்கங்களை வளர்த்தார். உயர்சாதி மிராசுதார் குடும்பங்களில் பிறந்தும் உழைப்பாளர் பக்கம் நின்றவர்களும் உண்டு. மணலூர் மணியம்மை அவர்களுள் முதன்மையானவர். சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிந்தது இந்தச் சங்கங்களின் முதல் வெற்றி. அடுத்த கோரிக்கை கூலி. 1948இல் அரசு தலையிட்டு ஏற்படுத்திய மாயூரம் ஒப்பந்தம் பண்ணையாளுக்குக் கூலி அளவை வகுத்தது. ஆனால் ஒப்பந்தத்தைப் பின்பற்றாத மிராசுதாரை யாரும் எதுவும் செய்ய முடியவில்லை. அதே காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டு, சங்கத் தலைவர்கள் சிறைக்கும் தலைமறைவுக்கும் போயினர்.

1952 பொதுத்தேர்தல் முடிவு இந்தப் பின்னணியில்தான் வந்தது. சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152 இடங்களே கிடைத்தன. கம்யூனிஸ்ட் கட்சி 62 இடங்களைப் பெற்றது. தஞ்சை மாவட்டத்திலும் காங்கிரசுக்குப் பலத்த அடி. பெரும்பான்மை இல்லாத நிலையில் காங்கிரசு இராஜாஜியை அழைத்தது. அவர் தேர்தலில் நிற்காமல், ஆளுநர் ஸ்ரீபிரகாசாவால் மேலவைக்கு நியமிக்கப்பட்டு, ஏப்ரல் 10 அன்று முதலமைச்சரானார். அந்த நியமனத்தின் முறைமை பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை.

இரண்டு முடிவுகள்

புதிய அமைச்சரவை முதல் ஐந்து மாதங்களில் உழவு தொடர்பாக இரண்டு பெரிய முடிவுகளை எடுத்தது. ஜூன் மாதத்தில் உணவுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. போர்க்காலத்திலிருந்து ரேஷன் அட்டையும், நெல் கட்டாயக் கொள்முதலும், மாவட்டம் விட்டு மாவட்டம் நெல் கொண்டுபோகத் தடையும் நடைமுறையில் இருந்தன. இராஜாஜி இவற்றை ஒரேயடியாக எடுத்தார். தில்லியில் பலர் தயங்கியபோதும் மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் துணை நின்றார். இந்த முடிவை நெல் விற்கும் மிராசுதார்கள் வரவேற்றதில் வியப்பில்லை.

இரண்டாவது முடிவு அதே மிராசுதார்களை நோக்கி வந்தது. தேர்தலுக்குப் பின் தஞ்சையில் குத்தகையாளர்களை வெளியேற்றுவது பெருகியிருந்தது. சட்டம் ஏதேனும் வரும், அதற்குள் நிலத்தைக் கைக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற முந்துதல் அது. ஆகஸ்டு என்பது சம்பா நடவுக்கான காலம். நடவின்போது நிலம் யார் கையில் இருக்கிறதோ, அவருக்கே அந்த ஆண்டின் விளைச்சல். சட்டமன்றத்தில் மசோதா வைத்து, விவாதித்து, நிறைவேற்றும் வரை காத்திருந்தால் பருவம் கடந்துவிடும். அரசியலமைப்பின் 213ஆவது பிரிவு, சட்டமன்றம் கூடாத காலத்தில் ஆளுநர் வழியாக அவசரச் சட்டம் பிறப்பிக்க அமைச்சரவைக்கு இடம் தருகிறது. சட்டமன்றம் மீண்டும் கூடிய ஆறு வாரங்களுக்குள் அதை நிறைவேற்றாவிட்டால் அது காலாவதியாகும். இந்த வழியைத்தான் அமைச்சரவை தேர்ந்தெடுத்தது.

அவையில் பெரும்பான்மை கேள்விக்குறியாக இருந்த அமைச்சரவை அது. கம்யூனிஸ்டுகளே தன் முதல் எதிரி என்று சட்டமன்றத்திலேயே வெளிப்படையாகச் சொன்னவர் அதன் முதலமைச்சர். ஆளும் கட்சியிலேயே பெரிய மிராசுதார்கள் இருந்தனர். இருந்தும் கம்யூனிஸ்டுகளின் நீண்டநாள் கோரிக்கை ஒன்றை அவர் சட்டமாக்கினார். எதிரியின் கையிலிருந்த ஆயுதத்தைப் பறிக்கவே இப்படிச் செய்தார் என்று சொல்வது எளிது. அதில் உண்மையும் உண்டு. ஆனால் பறிப்பதற்கு அவர் காவல்துறையை மட்டும் நம்பவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இராஜாஜி என்றதும் மதுவிலக்கும் 1953ஆம் ஆண்டின் கல்வித் திட்டமும் நினைவுக்கு வருகிற அளவுக்கு இச்சட்டம் மாணவர்களின் நினைவில் நிற்பதில்லை.

சட்டம் சொன்னது

ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் நன்செய் வைத்திருந்த நில உரிமையாளர்களுக்கே சட்டம் பொருந்தியது. அதற்குக் குறைந்த சிறு மிராசுதார்கள் விலக்கப்பட்டனர். வாரச் சாகுபடியாளருக்கு மொத்த விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது நூற்றுக்கு நாற்பது, உறுதி செய்யப்பட்டது. குத்தகைக்கு ஐந்தாண்டுப் பாதுகாப்பு கிடைத்தது. சட்டம் வருவதற்கு முன்பே வெளியேற்றப்பட்டவர்களுக்கும் திரும்பி வர வழி வைக்கப்பட்டது. முந்திக்கொண்டு வெளியேற்றிய மிராசுதார்களுக்கு இந்தப் பின்தேதி விதி கசந்தது.

பண்ணையாளுக்கு நெல்லாகக் கொடுக்க வேண்டிய கூலி சட்டத்தில் எழுதப்பட்டது. அவரைக் காரணமின்றி வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்றும் விதிக்கப்பட்டது. தகராறுகளைச் சமரச அதிகாரிகள் விசாரித்தனர். அதற்கு மேல் வருவாய் நீதிமன்றம். வழக்கறிஞர் கட்டணமும் ஆண்டுக்கணக்கான வாய்தாவும் தாங்க முடியாத மனிதர், தாலுகா அளவிலேயே ஓர் அதிகாரியின் முன் நின்று மிராசுதாரின் பெயரைச் சொல்லி முறையிட முடிந்தது. கூலிப் பேச்சு என்றாலே கங்காணியின் முன் தலைகுனிந்து நின்ற ஊர்களில் இது சிறிய மாற்றமன்று.

குத்தகையாளர் பெற்றது

நூறு கலம் விளைந்த நிலத்தை எடுத்துக்கொள்வோம். சட்டத்துக்கு முன் வாரதாரருக்கு ஏறத்தாழ 25 கலம். 1952க்குப் பின் 40 கலம். காமராசர் அமைச்சரவை 1955இல் சாகுபடிக் குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டத்தையும், 1956இல் நியாயக் குத்தகைச் சட்டத்தையும் கொண்டுவந்தது. இரண்டாவது சட்டப்படி நன்செய்க்கான குத்தகை விளைச்சலில் நூற்றுக்கு நாற்பது. இப்போது உழுதவருக்கு 60, உடையவருக்கு 40. நான்கே ஆண்டுகளில் பங்கு தலைகீழாயிற்று. தஞ்சைக்கென்று தொடங்கியது மாகாணம் முழுவதற்கும் விரிந்தது.

எழுத்தில் உள்ளதெல்லாம் களத்துமேட்டில் நடந்துவிடவில்லை. வாய்ச்சொல் குத்தகையை எந்த அதிகாரி முன்பும் நிரூபிப்பது கடினம். குத்தகைதாரர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கான சட்டம் 1969இல்தான் வந்தது.

பண்ணையாளுக்கு நேர்ந்தது

பண்ணையாள் என்ற சொல்லுக்குச் சட்டம் பொருள் வரையறுத்தது. அந்த வரையறைக்குள் இருந்தவருக்கு நிலையான கூலியும், எளிதில் நீக்க முடியாத வேலையும் உரிமையாயின. மிராசுதார்கள் இதை வேறொரு கணக்காகப் படித்தனர். பண்ணையாளை வைத்துக்கொண்டால்தானே சட்டம்? வைத்துக்கொள்ளாவிட்டால்? நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுவடைக்கும் அன்றாடக் கூலிக்கு ஆள் பிடித்தால் போதும். சமரச அதிகாரியின் முன் நிற்க வேண்டியதில்லை. உழைப்பாளர் பக்கத்திலும் ஒரு மனமாற்றம் இருந்தது. ஒரே வீட்டு வாசலில் தலைமுறை தலைமுறையாய் நிற்பதைவிட, கேட்ட கூலி கிடைக்கும் இடத்துக்குப் போவதை இளையவர்கள் விரும்பினர்.

மானிடவியல் அறிஞர் கேத்லீன் கஃப் இச்சட்டம் வந்த காலத்தில் தஞ்சைக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்துகொண்டிருந்தார். பத்தாண்டு கழித்து, 1961-62இல், ஆந்த்ரே பெத்தேய் ஒரு தஞ்சைக் கிராமத்தில் தங்கி ஆராய்ந்தார். பண்ணையாள் முறை தேய்ந்து, அன்றாடக் கூலிமுறை அதன் இடத்தைப் பிடித்த மாற்றத்தை இவ்வகை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. கட்டு அறுந்தது. கட்டோடு சேர்ந்து, எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆண்டு முழுவதும் கிடைத்து வந்த நெல்லும் போயிற்று. சட்டம் காக்க நினைத்த பண்ணையாள், பண்ணையாளாக இல்லாமற்போனதால் அதன் காவலுக்கு வெளியே நின்றார். அன்றாடக் கூலியாளைப் பற்றி 1952ஆம் ஆண்டுச் சட்டம் பேசவில்லை.

இதைச் சட்டத்தின் தோல்வி என்று மட்டும் எழுதுவது சரியாகாது. பண்ணையடிமைத்தனம் மறைந்தது நன்மையே. ஆனால் அதற்குப் பின் வரப்போகும் கூலிக்காரரை அமைச்சரவை கண்முன் கொண்டுவரவில்லை. அடுத்து வந்த அமைச்சரவைகளும் நெடுநாள் கொண்டுவரவில்லை. 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் நிலத்தின் அளவைப் பற்றியது, கூலியைப் பற்றியதன்று.

அடுத்த பதினாறு ஆண்டுகள் கீழத்தஞ்சையில் போராட்டம் முழுவதும் கூலியைச் சுற்றியே நடந்தது. கூலியாக அளக்கும் நெல்லைச் சற்றுக் கூட்டிக் கேட்டதற்காக வெளியூர் ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். நில உரிமையாளர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தனர். 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

அதன் பிறகு அண்ணா தலைமையிலான அரசு கணபதியா பிள்ளை ஆணையத்தை அமைத்தது. அதன் பரிந்துரைகளையொட்டி 1969இல், மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, கீழத்தஞ்சைக்கென விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் நிறைவேறியது. பண்ணையாள் என்று இல்லாமல், வயலில் வேலை செய்யும் எவருக்கும் கூலி வகுத்த சட்டம் அது. பண்ணையாளின் குடிசை நின்ற மனை 1971ஆம் ஆண்டின் 40ஆம் எண் சட்டத்தால், அதாவது குடியிருப்பு அனுபோகதாரர் உரிமைச் சட்டத்தால், அங்கே குடியிருந்தவருக்கே சொந்தமானது. அப்போது 1952ஆம் ஆண்டு அவசரச் சட்டம் வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.