வானத்துக்கும் பட்டா

நில உரிமை பற்றிப் பேசுகிற நாம் பட்டா, பஞ்சமி, புறம்போக்கு என்று தரையோடு நின்றுவிடுகிறோம். தரைக்கு மேலே இருக்கிற வெட்டவெளிக்கும் பத்திரம் உண்டு. அதன் வரலாற்றையும் நாம் வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அந்தப் பத்திரத்துக்கு மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை என்று பெயர், சுருக்கமாக டி.டி.ஆர். ஓரிடத்தில் கட்டாமல் விட்ட அளவை இன்னோரிடத்தில் கூடுதலாகக் கட்டலாம், விற்கவும் செய்யலாம். நியூயார்க்கில் பழம்பெரும் கட்டடங்களைக் காக்க இது பயன்பட்டது. கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் கோபுரம் எழுப்பத் தடை வந்தபோது, கம்பெனியின் சுமையை இந்த உரிமை குறைக்கிறது என்று 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, பிறப்பிலேயே இது உடைமைக்காரனுக்கான நிவாரணம்.

மும்பைக்கு இது 1991 விதிகளில் வந்தது. சாலைக்கும் பூங்காவுக்கும் நிலம் ஒப்படைத்தவருக்குப் பணத்துக்குப் பதிலாகச் சான்றிதழ். தீவு நகரத்தில் அதைப் பயன்படுத்தக் கூடாது, வடக்கே புறநகருக்குத்தான் போக வேண்டும். நகரத்தில் நெரிசல் குறையுமாம்.

1995இல் குடிசை மறுவாழ்வுத் திட்டம் வந்தது. குடும்பத்துக்கு 225 சதுர அடி இலவச வீடு. 1990களின் அந்த விதிகள்படி, தாராவியில் 100 சதுர அடி கட்டித் தருபவர் 133 சதுர அடி கட்டி விற்கலாம். மனையின் பரப்பைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் அங்கே கட்ட முடியாது, மிச்சம் டி.டி.ஆர். ஆகி வெளியே போய்விடும். அதே மனையில் ஹெக்டேருக்குக் குறைந்தது 500 வீடுகள் இருக்க வேண்டும் என்றும் விதி. பாருங்கள், மற்றவர்களுக்கு நெரிசலில் உச்சவரம்பு. நமக்கு மட்டும் கீழ்வரம்பு!

தாராவி சதுப்பாகக் கிடந்த இடம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன எங்க சனங்கள் அங்கே தோல் பதனிட்டார்கள். மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்கித்தான் குடியேறினார்கள். அந்தத் தரையை உண்டாக்கின கைக்கு ஏன் சான்றிதழ் இல்லை? ‘பட்டா இருந்தா காட்டு’ங்கிறான். ஊரில் நிலம் வச்சுக்க விடாத சமூகம் நகரத்துல வந்து பத்திரம் கேக்குது.

குடிசைவாசிகளின் கூட்டுறவுச் சங்கமே கட்டி அந்த உரிமையைப் பெற விதியில் இடமுண்டு. முதலுக்கு எங்கே போவது? 2023இல் மகாராஷ்டிர அரசு, மும்பையில் டி.டி.ஆர். வாங்குவோர் முதல் 40 சதவீதத்தைத் தாராவித் திட்டத்திலிருந்தே வாங்க வேண்டும் என்று முன்மொழிந்தது. சந்தையையே சட்டம் போட்டு உண்டாக்க முடிகிறவர்களுக்கு, அந்தச் சான்றிதழில் குடியிருப்பவன் பெயரையும் எழுத முடியாதா?

இலவச வீடு என்ற பேச்சை நாம் நிறுத்துவோம். அது கூலி, அதுவும் பாக்கி வைத்துக் கொடுத்த கூலி.