ரத்தக்காட்டேரி யாருக்குச் சொந்தம்?

2025 செப்டம்பரில் ஸ்வீடனைச் சேர்ந்த பாரடாக்ஸ் இன்டராக்டிவ் நிறுவனம் தன் அறிவிப்பு ஒன்றை வாபஸ் வாங்கியது. அடுத்த மாசம் வரப்போகிற 'வேம்பயர்: தி மாஸ்கரேட் – ப்ளட்லைன்ஸ் 2' என்கிற கணினி விளையாட்டில் மொத்தம் ஆறு ரத்தக்காட்டேரிக் குலங்கள், அதில் லசோம்ப்ரா, டோரியடோர் என்ற இரண்டுக்கு மட்டும் தனியாகக் காசு கட்டணும் என்பதுதான் அந்த அறிவிப்பு. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். சில வாரங்களில் நிறுவனம் இறங்கி வந்து ஆறு குலத்தையும் ஒரே விலைக்குள் சேர்த்துவிட்டது.

வெளியே இருந்து பார்த்தால் சில்லறைத் தகராறுதான். ஆனால் டோரியடோர் என்பது 1991-ல் வந்த முதல் புத்தகத்திலேயே இருந்த ஏழு குலங்களில் ஒன்று. முப்பத்துநாலு வருஷமாக "இது எங்க குலம்"னு சொல்லிக்கொண்டு ஆடிய ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் அதையே தனிப் பொட்டலமாகக் கட்டி விற்கப் பார்த்தால் என்ன நடக்கும்? இந்தச் சண்டையின் வேர் எங்கே இருக்கிறது என்று தேடிப் போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. நானும் இதை ஆடியவன், அதனால் முழு நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் இது என்ன விளையாட்டு என்று சொல்லிவிடுகிறேன். 1991-ல் அமெரிக்காவில் 'லயன் ராம்பன்ட்' என்ற சின்னப் பதிப்பகமும் 'வொயிட் வுல்ஃப்' என்ற பத்திரிகையும் ஒன்றாகச் சேர்ந்தன. அட்லாண்டா நகருக்குப் பக்கத்தில் இயங்கிய அந்தப் புது நிறுவனத்தில் மார்க் ரைன்-ஹாகன் வடிவமைத்ததுதான் 'வேம்பயர்: தி மாஸ்கரேட்'. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஆளுக்கொரு ரத்தக்காட்டேரிப் பாத்திரம். ஒருவர் மட்டும் கதைசொல்லி. நம்ம கூத்தில் வரும் கட்டியங்காரன் மாதிரி கதையை இழுத்துக்கொண்டு போகிறவர். கையில் பத்துப் பக்கப் பகடைகள். திரை கிடையாது, படம் கிடையாது, பேச்சுதான் எல்லாமே.

அதுவரைக்கும் இந்த வகை ஆட்டம் என்றாலே குகைக்குள் போய் அரக்கனை வெட்டிவிட்டுப் புதையல் எடுத்து வருவதுதான். வேம்பயர் அதைத் தலைகீழாக்கியது. இங்கே அரக்கன் நீங்களேதான். பாத்திரத்தின் தாளில் 'ஹ்யூமானிட்டி' என்று ஒரு மதிப்பெண் இருக்கும், பத்து வரைக்கும். கொலை பண்ணினால், பசியில் நிதானம் தவறினால், அது இறங்கும். சுழியத்துக்கு வந்துவிட்டால் பாத்திரம் உங்கள் கையை விட்டுப் போய்விடும். அப்புறம் அது வெறும் மிருகம், கதைசொல்லியின் சொத்து. சின்ன விதிதான். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு நண்பன் வீட்டு மொட்டைமாடியில் என் பாத்திரம் ஏழிலிருந்து ஆறுக்கு இறங்கியபோது எனக்கு நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது. எத்தனையோ கணினி விளையாட்டில் எத்தனையோ பேரைச் சுட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட அப்படி ஆனதில்லை.

1993-ல் மேஜையையும் எடுத்துவிட்டார்கள். ஆட்கள் வேஷம் போட்டுக்கொண்டு கூடத்தில் நடமாடியே ஆடும் வடிவம் வந்தது. பகடைக்குப் பதிலாகக் கல்-காகிதம்-கத்தரி. ஊர் ஊராகக் குழுக்கள் முளைத்தன. நாடகக்காரர்கள், கறுப்புச் சட்டை காத் இளைஞர்கள், கணிசமாகப் பெண்கள் என்று அதுவரை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத கூட்டம் உள்ளே வந்தது.

ஆக, நிறுவனம் விற்றது புத்தகம். கதையைப் போட்டதும் நகரத்தைக் கட்டியதும் இளவரசனைக் கவிழ்த்ததும் ஆடினவர்கள். பின்னால் வந்த தகராறு அத்தனையிலும் எனக்கு இந்தக் கோடுதான் தெரிகிறது.

ஆரம்பத்தில் ரசிகர்கள் நிறுவனத்தின் பக்கம் உறுதியாகவே நின்றார்கள். 1996 நவம்பரில் ஃப்ளோரிடாவில் கென்டக்கியிலிருந்து வந்த பதின்வயதுக் கும்பல் ஒன்று ஒரு தம்பதியைக் கொன்றது. கும்பலின் தலைவன் தன்னை ரத்தக்காட்டேரி என்று சொல்லிக்கொண்டவன், இந்த ஆட்டத்தையும் ஆடியிருந்தான். ஊடகங்களுக்குக் கேட்கவா வேண்டும்? அப்போது பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் ஆட்டத்துக்காக வாதாடியது பெரும்பாலும் சாதாரண ஆட்டக்காரர்கள்தான்.

2003-ல் 'அண்டர்வேர்ல்ட்' படம் வந்தபோது, அதில் தங்கள் உலகத்தைத் திருடிவிட்டதாக வொயிட் வுல்ஃப் வழக்குப் போட்டது. பிறகு அது சமரசத்தில் முடிந்தது. ஸ்டோக்கர், ஆன் ரைஸ் என்று எல்லார் வீட்டுக் கொல்லையிலும் பூப்பறித்துக் கட்டிய மாலை இது என்பது ரசிகர்களுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் பலர் நிறுவனத்தையே ஆதரித்தார்கள்.

விரிசல் அடுத்த ஆண்டே விழுந்தது. 2004-ல் நிறுவனம் தன் கற்பனை உலகத்தையே முடித்துவைத்தது. பல வருஷமாகப் புத்தகங்களில் சொல்லிவந்த ஊழிக்காலம் வந்தது, கதை முடிந்தது, அதே ஆகஸ்டில் 'வேம்பயர்: தி ரெக்வியம்' என்ற புது விளையாட்டும் வந்தது. கலை என்ற அளவில் எனக்கு இந்த முடிவின் மேல் மரியாதை உண்டு. சொன்ன சொல்லைக் காப்பாற்றி உலகத்தை அழிக்கிற பதிப்பகம் எத்தனை? ஆனால் அலமாரி நிறையப் புத்தகம் வாங்கி வைத்திருந்தவனுக்கு அது வேறு மாதிரித்தான் பட்டது.

அது ஆறுவதற்குள் 2005 ஜூலையில் அடுத்த அடி. எங்கள் விளையாட்டை வைத்துக் கட்டணம் வாங்கி ஆட்டம் நடத்துகிறவர்கள் எங்களிடம் உரிமம் பெறணும், ஆடுகிறவர்கள் வருஷத்துக்கு 20 டாலர் கட்டி எங்கள் அதிகாரபூர்வ ரசிகர் சங்கத்தில் உறுப்பினராகணும் என்று நிறுவனம் அறிவித்தது. இந்தக் 'கட்டணம்' பெரும்பாலும் எதற்காக வாங்கப்பட்டது என்று பாருங்க: மண்டப வாடகை, நொறுக்குத்தீனி, மெழுகுவத்தி. ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு நூறு ரூபாய் பிரிப்பது போலத்தான். அதில் புராணக் கதை எழுதினவர் வாரிசு வந்து பங்கு கேட்டால்? எதிர்ப்பு பலமாக வரவே, நிறுவனம் கொஞ்ச நாளில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. சட்டப்படி அவர்கள் கேட்டது செல்லுமா செல்லாதா என்பது வக்கீல்கள் சமாச்சாரம். ஆட்டக்காரர்கள் மனசில் கணக்கு மாறிவிட்டது என்பதுதான் எனக்கு முக்கியம்.

கணினிப் பக்கம் நடந்தது இன்னும் சுவாரசியம். டிராய்க்கா என்ற சின்ன ஸ்டுடியோ உருவாக்கி ஆக்டிவிஷன் வெளியிட்ட முதல் 'ப்ளட்லைன்ஸ்' 2004 நவம்பர் 16-ல் கடைக்கு வந்தது. அன்றைக்கு வேறு என்ன வந்தது தெரியுமா? ஹாஃப்-லைஃப் 2. இரண்டுமே சோர்ஸ் எஞ்சினில் ஓடியவை, அதற்கு முன்னால் ப்ளட்லைன்ஸை வெளியிடக் கூடாது என்பது ஒப்பந்தம். இன்னும் வெந்து முடியாத சோற்றை இறக்கி, பக்கத்திலேயே கல்யாண விருந்து நடக்கிற நாளில் பரிமாறினார்கள். விற்பனை படுத்தது. 2005-ன் தொடக்கத்தில் டிராய்க்கா மூடப்பட்டது.

அனாதையான அந்த விளையாட்டை எடுத்து வளர்த்தவர்கள் ரசிகர்கள். குறிப்பாக ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு வேதியியலாளர் இருபது வருஷத்துக்கு மேலாக அதன் பிழைகளைத் திருத்தி, வெட்டி எறியப்பட்ட பகுதிகளைத் தோண்டியெடுத்துச் சேர்த்து, இலவசமாக வெளியிட்டு வருகிறார். நான் ஆடியதும் அந்தத் திருத்தத்தோடுதான். இன்றைக்கு ப்ளட்லைன்ஸ் ஒரு செவ்வியல் படைப்பு என்று பெயர் எடுத்திருக்கிறது. அந்தப் பெயரை வைத்துத்தான் இரண்டாம் பாகத்தை விற்க முடிந்தது. 2025-ல் கோபப்பட்டவர்கள் கோபத்தில் இதுவும் ஒரு பங்கு.

நடுவில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2006-ல் ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் வொயிட் வுல்ஃபை வாங்கியது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஆடும் இணைய விளையாட்டாக இந்த உலகத்தை மாற்றப்போவதாகச் சொல்லி, 2014 ஏப்ரலில் அதைக் கைவிட்டது; அட்லாண்டாவில் 56 பேருக்கு வேலை போனது. 2011-ல் வந்த இருபதாம் ஆண்டுப் பதிப்பு மட்டும் பழைய ஆட்களைத் திரும்பக் கூட்டிவந்தது. 2015 அக்டோபரில் எல்லாம் பாரடாக்ஸ் கைக்குப் போனது.

இனி 2018. எழுத எனக்குச் சங்கடமான பகுதி இதுதான்.

2017 ஏப்ரலில் ரஷ்யாவின் நோவயா கெஸெட்டா பத்திரிகை, செச்னியாவில் ஓரினச்சேர்க்கையாளர் என்ற சந்தேகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்கள் பிடித்துச் செல்லப்பட்டதையும், குறைந்தது மூன்று பேர் கொல்லப்பட்டதையும் வெளிக்கொண்டுவந்தது. அடுத்த வருஷம் வொயிட் வுல்ஃப் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பின் 'கமரில்லா' நூலில் செச்னியா ரத்தக்காட்டேரிகளின் ஆட்சியில் இருப்பதாகவும், அந்த வேட்டை அதை மறைக்கிற திரை என்றும் எழுதியிருந்தார்கள். அடிபட்டவர்கள் உயிரோடு தப்பி ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. நவம்பரில் எதிர்ப்பு வெடித்தது. பாரடாக்ஸ் மன்னிப்புக் கேட்டது, புத்தக விற்பனையை நிறுத்தி அந்தப் பகுதியை நீக்கியது, வொயிட் வுல்ஃப் இனித் தனி நிறுவனமாக இயங்காது என்றும் அறிவித்தது.

அப்போது ஆட்டக்காரர்களில் ஒரு பிரிவு, "இது திகில் விளையாட்டு, நிஜக் கொடுமையைத் தொடாமல் எப்படித் திகில்?" என்று கேட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதிலும் இதே நிறுவனத்தின் பழைய அலமாரியில் இருந்தது. 1997-ல் 'ரெய்த்' என்ற ஆவிகள் விளையாட்டுக்காக யூதப் படுகொலையைப் பற்றி ஒரு நூலே போட்டிருக்கிறார்கள். அதில் இறந்தவர்கள் ஆவிகளாக வருகிறார்கள், ஆனால் கொலைக்குப் பழியை எந்தப் பேயின் தலையிலும் கட்டவில்லை, செய்தது மனிதர்கள். செச்னியாப் பக்கங்கள் செய்தது நேர் எதிர். கொன்றவனுக்குக் கோரைப்பல் மாட்டி, பழியைக் கற்பனைக்குத் தள்ளிவிட்டன.

இந்த விஷயத்தில் ரசிகர்களுக்குக் கைதட்டிவிட்டு முடிக்கலாம். ஆனால் எங்கள் கூட்டமும் அவ்வளவு சுத்தமில்லை. 1994-ல் இதே வொயிட் வுல்ஃப் ரோமானி மக்களைப் பற்றி ஒரு நூல் போட்டது. ரத்தத்திலேயே மந்திரம் ஓடுகிற, மர்மமான, திருட்டுக் கையுள்ள நாடோடிகள் என்ற அத்தனை பழைய அபவாதமும் அதில் விதியாக மாறியிருந்தது. ராவ்னோஸ் என்று ஒரு குலம் உண்டு. அதன் பூர்வீகம் இந்தியா, அதன் சாபம் ஆளுக்கொரு குற்றப் பழக்கத்தை விட முடியாமை. ஒரு சாதி பிறவியிலேயே குற்றவாளி என்று சட்டம் போட்ட தேசத்தில் பிறந்தவன் நான். குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பற்றி இதே வலைப்பூவில் எழுதியும் இருக்கிறேன். அப்படியிருந்தும் என் இரண்டாவது பாத்திரம் ராவ்னோஸ்தான். ஜாலியாக இருக்கும்னு எடுத்தேன், ஜாலியாகத்தான் இருந்தது.

1999-ல் அந்தக் குலத்தின் மூதாதையை எழுப்பினார்கள். பேர் ஸபதாசுரா, யாரோ சமஸ்கிருத அகராதியைத் தூக்கத்தில் புரட்டியிருக்கிறார்கள். அவன் எழுவது வங்கதேசத்தில். உலகத்து மாயசக்திகள் எல்லாம் சேர்ந்து அவனோடு மோதி, குண்டும் போட்டு, கடைசியில் வானத்திலிருந்து சூரிய ஒளியைப் பாய்ச்சி அழிக்கின்றன. அந்தப் பக்கங்களை நண்பர்கள் கூடி வாசித்தபோது பேர் உச்சரிப்புக்கு விழுந்து விழுந்து சிரித்தோம். கீழே இருந்த ஊர்கள் என்ன ஆயின என்று எங்களில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இந்தக் குறிப்புகளுக்காகத் திரும்ப எடுத்து வாசிக்கும்போதுதான் உறைத்தது.

இரண்டு குலத்துக்குக் காசு கேட்டதும் சில வாரத்தில் நிறுவனத்தைப் பணியவைக்க முடிந்த கூட்டம் இது. இந்த ராவ்னோஸ் கதை வருஷக்கணக்காக அச்சில் இருந்தது. எங்கள் மேஜையில் ஒரு முணுமுணுப்புகூட எழவில்லை. ஐந்தாம் பதிப்பில் சில பேர்களை மாற்றியிருக்கிறார்கள். அரபுக் கொலைகாரக் குலமாக இருந்த அசமைட்டுகள் இப்போது பானு ஹகிம், நீதிபதி முகமும் சேர்ந்திருக்கிறது. ஓரளவுக்கு முன்னேற்றம்தான்.

ப்ளட்லைன்ஸ் 2 கதைக்கு வருவோம். 2019-ல் அறிவித்து, முன்பதிவுக்குக் காசும் வாங்கி, 2021-ல் உருவாக்கிக்கொண்டிருந்த ஹார்ட்சூட் லேப்ஸை விலக்கி, வேலையைத் தி சைனீஸ் ரூமிடம் கொடுத்து, 2025 அக்டோபர் 21-ல் வெளியிட்டார்கள். விமர்சனங்கள் கலவையாக வந்தன. நவம்பரில் பாரடாக்ஸ் அதன் மதிப்பில் 35.5 கோடி ஸ்வீடிஷ் குரோனரை நஷ்டக் கணக்கில் எழுதியது.

எங்கள் பழைய குழு போன மாசம் மறுபடி கூடியது. ரெண்டு பேர் வீடியோ காலில். 2011 பதிப்புத்தான், பகடைகூடப் பழசுதான். இந்தத் தடவை கதைசொல்லி நான். ஆட்டத்தை 1999 ஜூலை, குல்னாவுக்குப் பக்கத்தில் ஒரு படகுத்துறையில் தொடங்கியிருக்கிறேன், வானம் வெளுத்து எரிந்த மறுநாள். ஸபதாசுரா செத்தாச்சு. ஆட்டக்காரர்கள் மூன்று பேரும் ராத்திரி முழுக்க ஆற்றைக் கடக்க ஒரு படகு தேடிக்கொண்டிருந்தார்கள். இன்னும் கிடைக்கவில்லை.