சினைப்பை நீர்க்கட்டியும் உடல் எடையும்: கருத்தரிப்பு சிகிச்சையின் வரலாறு

பிசிஓஎஸ் என்று சுருக்கமாக வழங்கப்படும் சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி, பெண்களின் இயக்குநீர்களில் (ஹார்மோன்களில்) ஏற்படும் ஒரு கோளாறு ஆகும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 6 முதல் 13 பேர் வரை இதற்கு ஆளாகின்றனர். மாதவிடாய் மாதக்கணக்கில் தள்ளிப்போவது, முகத்தில் முடி வளர்வது, முகப்பரு ஆகியன இதன் அடையாளங்கள். சினைமுட்டை மாதந்தோறும் வெளிவராததால் கருத்தரிப்பும் தாமதமாகிறது. பெயரில் ‘நீர்க்கட்டி’ என்று இருந்தாலும், ஸ்கேன் படத்தில் மணிமணியாகத் தெரிபவை உண்மையில் கட்டிகள் அல்ல. முதிராமல் நின்றுபோன முட்டைகளைத் தாங்கிய சிறு பைகளே அவை. இந்தப் பெயரைக் கேட்டே பயந்துபோகும் குடும்பங்கள் பல.

இந்நோய்க்குறி உள்ளவர்களில் பலருக்கு உடல் எடை கூடுதலாக இருக்கும். ஆகவே குழந்தை வேண்டி மருத்துவமனைப் படியேறும் பெண் முதலில் கேட்கும் அறிவுரை, “எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்” என்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது. இந்த அறிவுரைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆனால் எவ்வளவு எடை குறைய வேண்டும், அதற்காக எவ்வளவு காலம் காத்திருக்கலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடும் முயற்சி அண்மைக் காலத்தில்தான் தொடங்கியது.

பழைய குறிப்புகள்

கிரேக்க மருத்துவர் இப்போக்கிரேட்டசின் பெயரால் வழங்கும் நூல்களுள் ஒன்று காற்று, நீர், நிலம் ஆகியவை உடல்நலத்தோடு கொண்ட தொடர்பைப் பேசுகிறது. அது கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த சித்தியர் என்ற நாடோடி மக்களைப் பற்றியும் கூறுகிறது. சித்தியப் பெண்கள் பருத்த உடலினர், அதனால் கருவுறுவது அரிது; அவர்களிடம் வேலை செய்யும் அடிமைப் பெண்கள் உழைப்பாலும் மெலிந்த உடலாலும் விரைவில் கருவுறுகின்றனர் என்பது அந்நூலின் கருத்து. கொழுப்பு கருப்பையின் வாயை அடைத்துக்கொள்கிறது என்பது அதற்குத் தரப்பட்ட காரணம். காரணம் தவறு என்று பின்னர் தெரிந்துவிட்டது. ஆனால் பருத்தவள் சோம்பேறி, அதனால்தான் அவளுக்குக் குழந்தை இல்லை என்ற எண்ணம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் போகவில்லை.

1721இல் இத்தாலியின் பதுவா நகரில் பேராசிரியராக இருந்த அந்தோனியோ வல்லிஸ்னேரி, திருமணமாகியும் குழந்தையில்லாத, ஓரளவு பருமனான ஓர் உழவர்குடி இளம்பெண்ணைப் பற்றி எழுதினார். அவளுடைய சினைப்பைகள் இயல்பைவிடப் பெரிதாக, வெண்மையாக, பளபளப்பாக, புறா முட்டைகளைப் போல் இருந்தன என்று அவர் குறித்துள்ளார். இந்நோய்க்குறியைப் பற்றிய மிகப் பழைய தெளிவான வருணனையாக இது கருதப்படுகிறது. அவள் உழவர் வீட்டுப் பெண் என்பதையும் கவனிக்க வேண்டும். உழைக்காததால் பருத்தாள் என்ற பழைய விளக்கம் அவளுக்குப் பொருந்தியிருக்க வாய்ப்பில்லை.

1921இல் பாரிசில் அஷார், தியேர் என்ற இரு மருத்துவர்கள் தாடி வளர்ந்த பெண்களுக்கு நீரிழிவும் சேர்ந்து வருவதை விவரித்தனர். ஆண்மை இயக்குநீருக்கும் சர்க்கரைக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்பதற்கு அதுவே முதல் துப்பு. அந்தத் துப்பை யாரும் முறையாகப் பின்தொடர ஏறத்தாழ 60 ஆண்டுகள் ஆயின.

கத்தியும் மாத்திரையும்

சிகாகோ நகரின் மைக்கேல் ரீஸ் மருத்துவமனையைச் சேர்ந்த இர்விங் ஸ்டைன், மைக்கேல் லெவெந்தால் ஆகிய இருவரும் 1935இல் ஏழு பெண்களைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். இந்த எழுவருக்கும் மாதவிடாய் வராமலோ மிக அரிதாகவோ இருந்தது, சினைப்பைகள் வீங்கியிருந்தன. ஆய்வுக்காகச் சினைப்பையிலிருந்து சிறு துண்டு வெட்டி எடுத்தபோது மாதவிடாய் திரும்பியதைக் கண்ட அவர்கள், ஒவ்வொரு சினைப்பையிலும் பாதி முதல் முக்கால் பங்கு வரை ஆப்பு வடிவில் வெட்டி நீக்கும் அறுவையைச் செய்தனர். ஏழு பேருக்கும் மாதவிடாய் திரும்பியது. இருவர் கருவுற்றனர். அதன் பிறகு இது ‘ஸ்டைன்-லெவெந்தால் நோய்க்குறி’ என்றே பல ஆண்டுகள் அழைக்கப்பட்டது. அந்த எழுவரில் எல்லோருமே பருத்தவர்கள் அல்லர் என்பதைப் பாடநூல்கள் பெரிதாகச் சொல்வதில்லை.

வயிற்றைத் திறந்து செய்த இந்த அறுவைக்குப் பின், சினைப்பையைச் சுற்றித் தழும்புத் திசு ஒட்டிக்கொள்வது பலருக்கு நேர்ந்தது. கருத்தரிக்கச் செய்த அறுவையே கருத்தரிப்புக்குப் புதிய தடையானது. 1961இல் ராபர்ட் கிரீன்பிளாட்டும் அவருடைய குழுவினரும், குளோமிபீன் என்ற மாத்திரை சினைமுட்டையை வெளிவரச் செய்கிறது என்று அறிவித்தனர். 1967இல் அமெரிக்காவில் அது ஒப்புதல் பெற்றது. அறுவை பின்னுக்குப் போயிற்று.

இன்சுலின் என்ற திறவுகோல்

1980இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பர்கன், கிவன்ஸ், கிட்டாப்சி ஆகியோர், இந்நோய்க்குறி உள்ள பெண்களின் இரத்தத்தில் இன்சுலின் அளவு கூடக் கூட ஆண்மை இயக்குநீரின் அளவும் கூடியிருப்பதைக் காட்டினர். பாரிஸ் மருத்துவர்கள் கண்டதற்கு இவ்வாறு விளக்கம் கிடைக்கத் தொடங்கியது.

இது இயங்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லலாம். தசையும் கல்லீரலும் இன்சுலினின் கட்டளைக்குச் சரியாகப் பணியாதபோது, கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. இதுவே இன்சுலின் எதிர்ப்பு எனப்படுகிறது. ஆனால் சினைப்பையோ அந்த மிகுதியான இன்சுலினுக்குப் பணிந்து, ஆண்மை இயக்குநீரைக் கூடுதலாகச் சுரக்கிறது. ஆண்மை இயக்குநீரைப் பிடித்துவைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் குறைவாகச் செய்வதால், கட்டற்று உலவும் ஆண்மை இயக்குநீர் இன்னும் பெருகுகிறது. முட்டைகள் பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகின்றன. உடற்கொழுப்பு, குறிப்பாக வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு, இன்சுலின் எதிர்ப்பை மேலும் கூட்டுகிறது.

1989இல் ஆந்திரியா டுனைஃப் குழுவினர் இன்னொரு முக்கியமான உண்மையைக் காட்டினர். பருமன் இல்லாத பிசிஓஎஸ் பெண்களுக்கும், அதே எடையுள்ள மற்ற பெண்களைவிட இன்சுலின் எதிர்ப்பு கூடுதலாக இருந்தது. அதாவது, எடை இந்நோய்க்குறியின் மூலகாரணம் அன்று. ஏற்கெனவே எரியும் அடுப்பில் சேர்க்கும் விறகு போன்றது. ‘தின்று தின்று வரவழைத்துக்கொண்டது’ என்ற பேச்சுக்கு இதற்குப் பின் அறிவியலில் இடமில்லை.

எவ்வளவு குறைந்தால் போதும்?

அடுத்த கேள்விக்கு விடை இலண்டனிலிருந்து வந்தது. 1992இல் ஸ்டீபன் ஃபிராங்க்ஸ் குழுவினர், பருமனான 24 பிசிஓஎஸ் பெண்களுக்கு நாள் ஒன்றுக்கு 1000 கலோரி உணவை ஆறேழு மாதங்கள் கொடுத்துப் பார்த்தனர். 13 பேர் தங்கள் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைத்தனர். அவர்களில் மாதவிடாய்க் கோளாறு இருந்த 11 பேரில் 9 பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது, ஐவர் கருவுற்றனர். 5 விழுக்காட்டை எட்டாதவர்களில் மாதவிடாய்க் கோளாறு இருந்தோர் எண்மர். அவர்களில் ஒருவருக்கு மட்டுமே பலன் கிட்டியது.

80 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 5 விழுக்காடு என்பது 4 கிலோ. ஒல்லியாக வேண்டியதில்லை, 80ஐ 55 ஆக்க வேண்டியதில்லை. வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் உள்ள கொழுப்பு கொஞ்சம் கரைந்தாலே இன்சுலின் இறங்கத் தொடங்கிவிடுகிறது என்பதே இதற்குக் காரணம். இதைத் தெரியாமல், எட்ட முடியாத இலக்கை வைத்துக்கொண்டு பட்டினி கிடந்து, மூன்றாம் மாதமே மனம் சோர்ந்து விட்டுவிடுபவர்கள் ஏராளம்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் ராபர்ட் நார்மன் முதலியோர் நடத்திய திட்டம் இன்னும் வேறுபட்டது. அங்கே கண்டிப்பான பத்தியம் இல்லை. பருமனும் முட்டை வெளிவராத குறையும் உள்ள பெண்கள் வாரம் ஒருமுறை குழுவாகக் கூடினர், உடற்பயிற்சி செய்தனர், உணவுப் பழக்கத்தைப் பற்றிப் பேசினர். ஆறு மாதங்கள் இது நடந்தது. 1995இல் வெளியான முதல் அறிக்கையின்படி, திட்டத்தை முடித்த 13 பேர் சராசரியாக 6.3 கிலோ குறைந்தனர். 12 பேருக்கு முட்டை வெளிவரத் தொடங்கியது. 11 பேர் கருவுற்றனர். அவர்களில் ஐவருக்குச் சிகிச்சையே தேவைப்படவில்லை. 1998இல் வந்த பெரிய அறிக்கையில் 67 பேரில் 60 பேருக்கு முட்டை வெளிவந்தது; 52 பேர் கருவுற்றனர்; 45 பேர் குழந்தை பெற்றனர். முன்பு அவர்களுடைய கர்ப்பங்களில் நூற்றுக்கு 75 கலைந்திருந்தன. திட்டத்துக்குப் பின் அது 18 ஆகக் குறைந்தது.

இந்த எண்கள் நம்பிக்கை தருபவைதாம். ஆயினும் ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்டவர்கள் திட்டத்தைப் பாதியில் விட்டவர்கள். பாதியில் விடுபவரும் கடைசிவரை நிற்பவரும் வாழ்க்கைச் சூழலில் ஒரே தரத்தினர் அல்லர். ஆகையால் கிடைத்த பலன் முழுவதையும் எடைக்குறைப்பின் கணக்கில் எழுதிவிட முடியாது.

மருந்துகள்

நீரிழிவு மாத்திரையான மெட்பார்மினை 1994இல் வெனிசுவேலாவின் மெரிடா நகர மருத்துவர்கள் முதலில் இப்பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தனர். எதிர்பார்ப்பு மிகுந்தது. 2007இல் 626 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வு அதைத் தணித்தது. குழந்தை பெற்றவர்கள் குளோமிபீனில் 22.5 விழுக்காடு, மெட்பார்மினில் 7.2 மட்டுமே. 2014இல் 750 பெண்களிடம் நடந்த இன்னோர் ஆய்வில் லெட்ரோசோல் 27.5 விழுக்காடும் குளோமிபீன் 19.1 விழுக்காடும் தந்தன. இன்று முதலில் பரிந்துரைக்கப்படும் மாத்திரை லெட்ரோசோல்.

காத்திருப்பின் விலை

எடை குறையும்வரை சிகிச்சையைத் தள்ளிவைப்பது சரியா? பல நாடுகளில் குறிப்பிட்ட எடைக்கு மேலிருக்கும் பெண்களைச் சிகிச்சைக்குச் சேர்த்துக்கொள்வதே இல்லை. ஆனால் எடையைப் போல வயதைக் குறைத்துக்கொள்ள முடியாது. 35ஐக் கடந்தபின் ஒவ்வோர் ஆண்டும் சினைமுட்டையின் எண்ணிக்கையும் தரமும் குறைகின்றன.

நெதர்லாந்தில் 577 பெண்களிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வு இக்கேள்வியை நேராக எதிர்கொண்டது. பிசிஓஎஸ் உள்ளவர்களோடு வேறு காரணங்களால் குழந்தையில்லாத பருமனான பெண்களும் அதில் இருந்தனர். ஒரு சாரார் ஆறு மாதம் எடைக்குறைப்புத் திட்டத்தில் இருந்துவிட்டுச் சிகிச்சைக்கு வந்தனர். மறு சாரார் உடனே சிகிச்சை பெற்றனர். 24 மாதங்களுக்குள் நிறைமாதத்தில் ஒற்றைக் குழந்தையை நலமாக இயல்பான பிரசவத்தில் பெற்றவர்கள் முதல் பிரிவில் 27.1 விழுக்காடு, உடனே சிகிச்சை பெற்ற பிரிவில் 35.2 விழுக்காடு. அதே சமயம், சிகிச்சையின்றித் தாமாகக் கருவுற்றவர்கள் முதல் பிரிவில்தான் கூடுதல்: 16.2க்கு எதிராக 26.1 விழுக்காடு.

பிசிஓஎஸ் பெண்களை மட்டும் எடுத்துக்கொண்ட ரிச்சர்ட் லெக்ரோ குழுவினரின் கணக்கு வேறு பக்கம் சாய்ந்தது. நான்கு மாத எடைக்குறைப்புக்குப் பின் குளோமிபீன் பெற்றவர்களில் 25 விழுக்காட்டினர் குழந்தை பெற்றனர். உடனே குளோமிபீன் பெற்றவர்களில் அது 10.2 விழுக்காடாக இருந்தது. ஆனால் இது இரண்டு தனித்தனி ஆய்வுகளின் முடிவுகளை எடுத்து ஒப்பிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 26 வயதுப் பெண்ணுக்கு நான்கு மாத முயற்சி நல்ல ஏற்பாடு என்றும், 37 வயதுப் பெண்ணை முடிவு தெரியாமல் திருப்பி அனுப்புவது அநீதி என்றும் கொள்வதே பொருத்தம். கணவரின் விந்துப் பரிசோதனைகூடச் செய்யாமல் மனைவியை மட்டும் எடை குறைக்க அனுப்பும் வழக்கத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

தெற்காசியாவில்

இலங்கையின் கம்பகா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையுள்ள பெண்களிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான கணக்கெடுப்பில் 6.3 விழுக்காட்டினருக்கு பிசிஓஎஸ் காணப்பட்டது. தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பும் வந்துவிடுகின்றன. எனவே உடல் நிறை குறியெண் 25க்குப் பதிலாக 23ஐத் தாண்டும்போதே ஆசியர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் கூறியது. பார்வைக்கு ஒல்லியாக இருந்து இடுப்பு மட்டும் பெருத்திருக்கும் பெண்களும் இதில் அடங்குவர். மாறாக, எடையும் இடுப்பளவும் சரியாக உள்ளவர்கள் மேலும் மெலிவதால் மாதவிடாய் நிற்கும் ஆபத்தே மிஞ்சும்.

இன்றைய நிலை

மெல்பர்ன் மொனாஷ் பல்கலைக்கழகத்தின் ஹெலனா டீட் தலைமையில் 2018இலும் 2023இலும் பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் வெளியாயின. பிசிஓஎஸ்ஸுக்கென்று மற்றவற்றைவிட மேலான தனி உணவுமுறை எதுவும் நிறுவப்படவில்லை என்று அவை தெளிவாகச் சொல்கின்றன. சோற்றை அறவே ஒழிக்கச் சொல்லும் விளம்பரங்களைப் பார்ப்போர் இதை நினைவில் கொள்ளலாம். எடையைப் பற்றிப் பேசுமுன் அப்பெண்ணின் இசைவைக் கேட்க வேண்டும் என்றும், எடையைச் சொல்லி இழிவுபடுத்துவது நோயைக் கூட்டும் என்றும் 2023ஆம் ஆண்டு நெறி கூறுகிறது.

அண்மையில் செமாகுளுடைடு போன்ற எடைக்குறைப்பு ஊசிகள் வந்துள்ளன. எடை குறையும்போது முட்டை வெளிவரத் தொடங்கி, எதிர்பாராமல் கருவுறுதலும் நேரலாம். இம்மருந்து கருவிலுள்ள குழந்தைக்குப் பாதுகாப்பானது என்று இன்னும் உறுதியாகவில்லை. ஆகையால் கருத்தரிக்கத் திட்டமிடும் நாளுக்குக் குறைந்தது இரண்டு மாதங்கள் முன்பே செமாகுளுடைடை நிறுத்திவிட வேண்டும். அதுவரை கருத்தடை முறையைக் கைக்கொள்வதும் அவசியம்.