முதலில் மருத்துவமனை

பாலியல் வன்முறைக்கு ஆளான ஒருவர் நம்மிடம் வந்து நின்றால் நாம் என்ன செய்வோம்? பல குடும்பங்களில் முதலில் எழுவது, 'வெளியே தெரிந்தால் மானம் போய்விடுமே' என்ற அச்சம்தான். அந்த அச்சத்தில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் பாதிக்கப்பட்டவருக்கே இழப்பு.

எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்கி, 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும். காயங்கள், பால்வினை நோய்கள், கருவுறும் வாய்ப்பு ஆகியவற்றையும் மருத்துவர் உடனே கவனிக்க வேண்டும். உடலில் உள்ள தடயங்களைச் சுமார் 96 மணி நேரம் வரை சேகரிக்கலாம். எனவே குளிக்காமல், உடுத்திய துணியைத் துவைக்காமல் செல்வது நல்லது. குளித்துவிட்டாலும், நாட்கள் கடந்துவிட்டாலும் தயங்காமல் செல்லுங்கள். சிகிச்சைக்குக் காலக்கெடு இல்லை.

'போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்' என்று திருப்பி அனுப்ப எந்த மருத்துவமனைக்கும் உரிமை கிடையாது. அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்தும் இவர்களுக்கு உடனே இலவசச் சிகிச்சை தர வேண்டும் என்று இந்தியாவில் 2013-இல் சட்டம் வந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-ஆம் பிரிவும் அதையே கூறுகிறது. மறுப்பவர்களுக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் உண்டு. மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தெரிவிக்கும். ஆனால் வயது வந்த ஒருவர் தடயப் பரிசோதனைக்கு உடன்படாவிட்டாலும் அவருக்குரிய சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

'இரு விரல் பரிசோதனை' பெண்ணின் மாண்பைக் குலைப்பது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் கூறியது. அதைச் செய்வோர் ஒழுங்கீனக் குற்றவாளிகள் என்று 2022-இல் அறிவித்தது. பாதிக்கப்பட்டவர் சிறுமி என்றால், போக்சோ சட்டப்படி பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடன் இருக்க வேண்டும். இச்சட்டம் சிறுவர்களையும் காக்கிறது. குழந்தைகளுக்கு நேர்ந்ததை அறிந்தவர் எவரும் அதை மறைக்காமல் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம்.

2015 முதல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த சேவை மையங்களில் மருத்துவ உதவி, மனநல ஆலோசனை, சட்ட உதவி, தற்காலிகத் தங்குமிடம் ஆகியவை கிடைக்கின்றன. பெண்கள் 181, குழந்தைகள் 1098 என்ற எண்களை அழைக்கலாம்.

உடல் காயம் ஆறிய பின்னும் தூக்கமின்மை, பயம், குற்ற உணர்வு ஆகியவை நெடுநாள் தொடரலாம். அதற்கும் சிகிச்சை உண்டு. 'அங்கே ஏன் போனாய்?' என்று கேட்காதீர்கள். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். 'உன்மேல் தவறில்லை, நான் உடன் வருகிறேன்' என்று சொல்லி, அவரோடு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.